நாலு தலைவர்களுக்கும் நூற்றுக்கு நூறு

ஒரு நாட்டின் பிரதமர் பதவிக்குப் போட்டியிட்ட நாலு தலைவர்களுக்கும், ஒரே மாலையில், ஒருவரையும் விடாமல் நூற்றுக்கு நூறு போட்டவன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. வீட்டில் இந்தக் கதையை யாராவது தொடங்கினால் நான் தேநீர் போடுகிற சாட்டில் குசினிக்குள் போய்விடுவேன். ஆனால் மற்றவர்கள் சொல்லும்போது ஆளுக்கொரு பக்கம் உப்புப்புளி சேர்க்கிறார்கள். அதைவிட நானே சொல்லித் தொலைப்பது நல்லது.

தொண்ணூறுகளில் நடந்த தேர்தல் அது. எந்த வருடத்துத் தேர்தல் என்று சொல்லமாட்டேன். தலைவர்களின் பெயரையும் கட்சியையும் சொல்லமாட்டேன். (பழக்கதோஷம். ஏன் என்று போகப் போக விளங்கும்.) அப்போது நானும் மனைவி றெஜினாவும் ஆறு வயது மகள் ஷாமினியும் ஓக்லாந்தில், மனுரேவாவில், ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். எனக்குப் பென்ரோஸில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிற வேலை. றெஜினாவுக்கு முதியோர் இல்லமொன்றில் வேலை.

யாழ்ப்பாணத்தில் நான் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிளாக்காக இருந்தவன். ஐந்து தேர்தல்களில் வாக்களிப்பு நிலையத்தில் கடமை பார்த்திருக்கிறேன். விரல்களுக்கு மை பூசியிருக்கிறேன். பெட்டிகளுக்கு முத்திரை வைத்திருக்கிறேன். ஓக்லாந்தில் இந்த அனுபவத்தைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் எல்லோருக்கும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் எங்கள் ஆட்கள் தேநீர் குடிக்கும் நேரத்தில் வாக்குரிமை பற்றி ஒரு சிறு பிரசங்கம் வைக்காமல் நான் வீட்டுக்குப் போனதில்லை. எனக்கு ‘எலெக்சன் அந்தோனி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். மரியாதையாக வைத்த பெயர் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த முறைதான் ஆளுக்கு இரண்டு வாக்கு என்ற புது ஏற்பாடு எங்கள் ஆட்களின் தலையைச் சுற்ற வைத்திருந்தது. ஒன்று கட்சிக்கு, மற்றது தொகுதி ஆளுக்கு. வதிவிட அனுமதி கிடைத்து ஒரு வருடம் இருந்தால், குடியுரிமை இல்லாவிட்டாலும் இங்கே வாக்குப் போடலாம். ஆகவே எங்களில் பலருக்கு அது முதல் வாக்கு. “அந்தோனி அண்ணை சொல்லட்டும், போடுவம்” என்று காத்திருந்தார்கள்.

எனக்கோ மனம் முழுக்கப் பிலோமினா அக்காவில் இருந்தது. எனக்கிருந்த ஒரே உடன்பிறப்பு. புருஷன் இல்லாதவ. யாழ்ப்பாணத்தை விட்டு வந்து கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் தனியாக இருந்தா. வெளியே போனால் பொலிஸ் பதிவுத் துண்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். மறந்தால் ஒரு இரவு நிலையத்தில். அவவை இங்கே கூப்பிட நான் குடிவரவு அலுவலகத்துக்கு விண்ணப்பித்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரு வரிக் கடிதத்தைத் தவிர வேறொன்றும் வரவில்லை. வேலையால் வந்ததும் சப்பாத்தைக் கழற்ற முன்னம் தபால்பெட்டியைப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.

இந்த நிலையில்தான் ஒரு பின்னேரம் தொலைபேசி அடித்தது. ஒரு வெள்ளைக்காரப் பெண். தேர்தலைப் பற்றி ஒரே ஒரு கேள்வி என்றாள். யாருக்கு வாக்குப் போடுவது என்று முடிவு செய்துவிட்டீர்களா?

நானும் றெஜினாவும் மூன்று கிழமைக்கு முன்னமே முடிவு செய்திருந்தோம். திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, குசினி மேசையில் இருந்து, குரலைத் தாழ்த்திக் கதைத்து முடிவு செய்தது. ஆனால் முகம் தெரியாத ஒருத்தி தொலைபேசியில் கேட்டால் உண்மையைச் சொல்வதற்கு எனக்கென்ன விசரா? “இன்னும் முடிவெடுக்கவில்லை, மேடம்” என்றேன். அவளுக்கு அளவில்லாத சந்தோஷம். தொலைக்காட்சியில் தலைவர்களின் விவாதம் நடக்கப்போகிறது, முடிவெடுக்காத வாக்காளர்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம், நீங்கள் கட்டாயம் வரவேண்டும் என்றாள். மாட்டேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

றெஜினா தலையில் கை வைத்தாள்.

“அக்காவின்ரை பைல் அவையின்ரை மேசையிலை கிடக்குது. நீங்கள் போய் அங்கை என்னத்தைக் கதைக்கப் போறியள்?”

“கதைக்கிறேல்லையாம். ஒரு பெட்டி தருவினமாம். சொல்லுறது பிடிச்சா ஒரு பக்கம் திருப்போணும், பிடிக்காட்டி மற்றப் பக்கம்.”

“அப்ப வாயைத் திறக்காதேங்கோ. அவ்வளவும் போதும்.”

ஆனால் கோயில் மண்டபத்தில் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. செய்தி பரவியது. “எங்கட ஆள் ஒருத்தர் ரீவீயிலை” என்று மண்டபமே திரண்டு வந்து கை குலுக்கியது. அன்று வேலைக்குப் போகிறவர்களுக்காக ஆரார் கசெட்டில் பதிவு செய்வது என்று பங்கு பிரித்தார்கள். அடுத்த ஞாயிறு என் வீட்டில் எல்லோரும் கூடி, கசெட்டைத் திரும்பப் பார்த்து, தலைவர்களை ஒவ்வொருவராக நிறுத்துப் பார்த்து முடிவெடுப்பது என்று தீர்மானம். தலைமை நான்தான். வேறு யார்?

விவாத நாளில் கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். (பொத்தான் பூட்டவில்லை. பத்து வருடச் சோறு.) எங்களை வரிசையாக இருத்தி ஆளுக்கொரு கறுப்புப் பெட்டி தந்தார்கள். நடுவில் ஒரு குமிழ். வலப்பக்கம் திருப்பினால் பிடிக்கிறது, கடைசிமட்டும் திருப்பினால் நூற்றுக்கு நூறு. இடப்பக்கம் திருப்பினால் பிடிக்கவில்லை. எல்லோருடைய கணக்கையும் கூட்டிப் பிரித்து, தொலைக்காட்சியின் அடியில் ஒரு கோடு ஊர்ந்துகொண்டே போகும். பார்க்கிற சனம் அதைப் புழு என்றது. யார் எதைத் திருப்பினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது, முழு இரகசியம் என்று அங்கே வேலை செய்கிற ஒரு பிள்ளை விளக்கம் சொன்னாள். சொல்லிக்கொண்டே என் பெட்டியின் இலக்கத்துக்கு நேரே பெயரெழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னாள்.

நான் ஐந்து தேர்தல் பார்த்தவன். இலக்கம் போட்ட எதுவும் இரகசியம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

முதலாமவர் கண்ணாடிக்காரர். ஆஸ்பத்திரியில் காத்திருக்கிற வரிசையைக் குறைப்பேன் என்றார். நியாயம்தானே, வலப்பக்கம் திருப்பினேன். இரண்டாமவர் உயரமானவர். கண்ணாடிக்காரர் சொன்னது முழுப் பொய் என்றார். இவர் பத்து முழத் தூரத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டு கதைக்கிறார். ஒரு மனுஷனின் முகத்துக்கு நேரே, நீ கதைக்கிறது எனக்குப் பிடிக்கவில்லை என்று எப்படிக் காட்டுவது? சாப்பிடக் கூப்பிட்ட வீட்டில் இருந்துகொண்டு கறி சரியில்லை என்று சொல்லுவோமா? அதோடு நாளைக்கு இவர் வென்றுவிட்டால்? அக்காவின் பைல் இவருடைய ஆட்களிடம்தான் போகும். அவருக்கும் திருப்பினேன். மூன்றாமவருக்கும் திருப்பினேன். குமிழ் அதற்கு மேல் போகாது என்று கிறீச்சிட்டது.

நாலாமவர் சிரித்த முகத்தோடு எழும்பினார். இந்த நாட்டின் கதவு அளவுக்கு மீறித் திறந்து கிடக்கிறது என்றார். ஒருவர் வந்தால் அண்ணன் வருகிறார், அக்கா வருகிறார், மாமன் வருகிறார், இதைச் சில வருடங்களுக்கு நிறுத்த வேண்டும் என்றார்.

அக்கா என்ற சொல் காதில் விழுந்ததும் குமிழை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். இவர்தான் வரப்போகிறார், இவருக்குத்தான் இலக்கம் வாரியாகக் கணக்குப் போகப்போகிறது என்று மனம் அடித்துக்கொண்டது. என் பக்கத்தில் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா இருந்தா. என் நிறத்தைப் பார்த்தா. பாவம், எனக்காகத் தன் குமிழைக் கோபத்தோடு இடப்பக்கம் முழுவதும் திருப்பிவிட்டு, நான் உன் பக்கம் என்கிற மாதிரி அன்பாகச் சிரித்தா. பிறகு என் பெட்டியைப் பார்த்தா. என் குமிழ் வலப்பக்கக் கடைசியில் நின்றது. அந்த அம்மா மெதுவாகத் தன்னுடைய குமிழை நடுவுக்குக் கொண்டுவந்தா.

அந்த நேரம் பார்த்துக் கமரா எங்கள் வரிசையில் நின்றிருக்கிறது. எனக்குத் தெரியாது.

விவாதம் முடிந்ததும் நடத்துனர் ஒலிவாங்கியோடு பார்வையாளர்களுக்குள் இறங்கினார். நேரே என்னிடம் வந்தார்.

“ஐயா, நீங்கள் எல்லோரையும் ரசித்ததுபோல் இருக்கிறதே?”

“எல்லோரும் மிக நல்லவர்கள், சேர்.”

“நல்லது. இப்போது முடிவெடுத்திருப்பீர்கள். யாருக்கு உங்கள் வாக்கு?”

நாடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. றெஜினா பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாயைத் திறக்காதே என்று அவள் சொன்னது நினைவிருக்கிறது. ஆனால் ஒரு ஆள் முன்னால் வந்து நின்று, யாருக்கு உன் வாக்கு என்று கேட்டதும் என் வாய் தன்பாட்டில் திறந்தது.

“வெல்லுறவருக்கு, சேர்.”

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தது. நாலாமவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கண்ணாடிக்காரர் உயரமானவரின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்று முழுவதும் தலைவர்கள் நாலு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். நானும் கூடச் சிரித்தேன். கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து சிரித்தேன். பிறகு கசெட்டில் பார்த்தபோது எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது அந்தச் சிரிப்புத்தான்.

வீட்டுக் கதவைத் திறந்த றெஜினா, “கோட்டைக் கழட்டிப்போட்டு வந்து சாப்பிடுங்கோ” என்றாள். களஞ்சியத்தில் அந்தக் கிழமை முழுவதும், எந்தப் பெட்டியை எங்கே வைப்பது என்று நான் கேட்டால், “வெல்லுற பக்கம் வை, மேட்” என்றார்கள்.

ஞாயிறு வந்தது. வரமாட்டார்கள் என்று நினைத்தேன். எல்லோரும் வந்தார்கள். பன்னிரண்டு பேர். பொரித்த றோல்ஸும் தேநீரும் கொடுத்தோம். கசெட்டைப் போட்டுப் போட்டு நிறுத்தி, தலைவர்களை நிறுக்கத் தொடங்கினார்கள். ஊரில் டொக்டராக இருந்து இங்கே டாக்சி ஓட்டுகிற ஒருவருக்கு, வெளிநாட்டுப் படிப்பை யார் ஏற்றுக்கொள்கிறார் என்பதுதான் கேள்வி. இன்னொருவருக்கு வாடகை. ஒரு மன்னார்க்காரி, கண்ணாடிக்காரர் தண்ணீர் ஊற்றியபோது பக்கத்திலிருந்தவருக்கும் ஊற்றினார், வீட்டில் நல்லாய் வளர்த்திருக்கினம், அவருக்குத்தான் என்றாள். கிளென் ஈடனிலிருந்து வந்த கணேசன், தமிழ்நாட்டுக்காரர், கம்பியூட்டர் வேலை, கட்டம் போட்ட தாளில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தார். தலைமை தாங்க வேண்டிய நான் கதவோரம் தட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நாலாமவர் எழும்புகிற இடம் வந்தது. கதவை மூடவேண்டும் என்றார். திரையில் என் முகம். சிரித்துக்கொண்டிருந்தது. கை கடைசிமட்டும் வலப்பக்கம்.

ஞானம் என்று ஒருத்தி, தாய் தகப்பனைக் கூப்பிட விண்ணப்பித்திருந்தவள், கசெட்டை நிறுத்தினாள்.

“அந்தோனி அண்ணை, என்ரை அம்மா அப்பான்ரை பைலும் அங்கைதான் கிடக்குது. எங்களை வரவேண்டாம் எண்டு சொல்லுறவனுக்கு நீங்கள் நூறு போட்டனீங்களோ?”

“நான் எல்லாருக்கும் போட்டனான், தங்கச்சி.”

“அதுதான் இன்னும் மோசம்.”

கணேசன் தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல், “கணக்குப்படி பார்த்தா பரவாயில்ல சார். எல்லாருக்கும் நூறுன்னா யாருக்கும் போடாத மாதிரிதான். அடிச்சு கழிஞ்சுபோயிடும்” என்றார். எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்துச் சொன்னார். ஐந்து தேர்தல் பார்த்த ஒருவனுக்கு இதைவிடக் கேவலம் வேறு வேண்டாம்.

அப்போது றெஜினா குசினியிலிருந்து வந்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“ஊரிலை ஒரு தேர்தல் முடிஞ்ச கிழமை எங்கட ஒழுங்கைக்கு ஆக்கள் வந்தவை. வீடு வீடா, ஆருக்குப் போட்டனீங்கள் எண்டு கேட்டவை. இவர், வெல்லுறவைக்கு எண்டு சொன்னவர். சிரிச்சுப்போட்டு அடுத்த வீட்டை போட்டினம். அடுத்த வீட்டிலை அக்காவும் அருள் அத்தானும். அத்தான் உள்ளதைச் சொன்னவர். கேட்டிட்டு விடுறம் எண்டு கூட்டிக்கொண்டு போனவை. இண்டைக்கு வரைக்கும் விடேல்லை. இப்ப கசெட்டைப் போடுங்கோ.”

ஒருவரும் போடவில்லை. ஞானம் என்னைப் பார்க்காமல் ஒரு றோல்ஸை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

றெஜினா சொல்லாத ஒன்று உண்டு, அது அவளுக்குத் தெரியாது. என் வீட்டுக்கும் அத்தான் வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். அவர்கள் படலையால் வெளியே போய் அடுத்த படலையைத் திறக்கிறதுக்குள், அத்தான், இப்படிச் சொல்லுங்கோ என்று வேலியால் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை. பயமாக இருந்தது.

கசெட் நின்றபடியே கிடந்ததைக் கணேசனால் தாங்க முடியவில்லை. நல்ல மனுஷன். “சரி விடுங்க சார், இதுல என்ன இருக்கு? நான் வெளிப்படையா சொல்றேன், என் ஓட்டு அந்த உயரமானவருக்குத்தான்” என்றார். சாதாரணக் குரலில்தான் சொன்னார். ஆனால் அந்த அறையிலிருந்த இலங்கைக்காரர் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் யன்னலைத் திரும்பிப் பார்த்தோம். வெளியே எங்கள் ஷாமினி சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு தலைவர்களை நிறுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. அவரவர் விருப்பம், ஒருவரையொருவர் கேட்பதில்லை என்று முடிவானது. நிறைய றோல்ஸ் மிஞ்சியது.

ஆட்கள் போனபிறகு தொலைபேசி அட்டையை வைத்துக்கொண்டு அக்காவுக்குக் கோல் எடுத்தேன். வேறு யாரும் சொல்லித் தெரிய முன்னம் நானே சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அவ ஏசுவா என்று காத்திருந்தேன்.

“அங்கை ஆருக்குப் போட்டது எண்டு கேட்டா உள்ளதைச் சொல்லலாமோ?” என்று கேட்டா.

“ஓம் அக்கா.”

“சொன்னா ஒண்டும் செய்யமாட்டினமோ?”

“இல்லை அக்கா. சிரிப்பினம், அவ்வளவுதான்.”

“அப்ப நீ ஏன் சொல்லேல்லை?”

அட்டை முடியப்போகுது அக்கா என்று சொல்லி வைத்துவிட்டேன். அட்டையில் இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது.

தேர்தல் நடந்தது. நாலு பேரில் ஒருவர் வென்றார். நான் போட்டவரா என்று சொல்லமாட்டேன். அக்காவின் பைலைப் பற்றி எனக்கு நம்பிக்கை இல்லை. இரவில் முழித்துக்கொண்டால் அந்தக் குமிழ்தான் நினைவில் வரும். என்னுடைய இலக்கத்தை யாரோ தேடி எடுத்துப் பைலோடு சேர்த்துக் குத்திவைத்திருப்பதாகவே நம்பினேன். நாலு மாதம் கழித்துத் தபால்பெட்டியில் தடித்த கடித உறை ஒன்று இருந்தது. பைல் சரிவந்துவிட்டது. கறுப்புப் பெட்டிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை. “வெண்டவருக்குப் போட்ட பலன்” என்று றெஜினா சொன்னாள். சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் நெடுநேரம் அழுதாள்.

அக்கா வந்து சேர்ந்தா. கதை மட்டும் போகவில்லை. இன்றைக்கும் வீட்டில் றக்பி பார்க்க உட்கார்ந்தால், யார் பக்கம் என்று யாராவது என்னைக் கேட்க முன்னமே, “டாடி இஸ் ஃபோர் த வின்னர்” என்பாள் ஷாமினி. இரண்டு கறியில் எது திறம் என்று நான் வாயைத் திறந்தால், “விடுங்கோ, அவர் ரெண்டுக்கும் நூறு போடுவார்” என்பாள் றெஜினா. விருந்தாளிகளுக்குக் கசெட்டைப் போட்டும் காட்டியிருக்கிறார்கள். எல்லோரும் வயிறு நோகச் சிரிப்பார்கள். அக்கா மட்டும் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிற அந்த இடம் வந்ததும் எழும்பி வெளியே போய்விடுவா.

அடுத்த பொதுத்தேர்தல் வந்தபோது அக்காவின் பெயரும் பட்டியலில் இருந்தது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில்தான் வாக்களிப்பு. நடந்தே போனோம். எல்லாவற்றையும் நானே விளக்க வேண்டும் என்று ஆயத்தமாகப் போனேன். அவ ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்ப் போட்டுவிட்டு வந்தா. திரும்பி வரும்போது பக்கத்து வீட்டு சமோவாக்காரி தன் தோட்டத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றாள். வாக்குப் போட்டாச்சா என்று கையசைத்துக் கேட்டாள்.

அக்கா எங்கள் படலைக்கு முன்னால் நின்றா. தெரிந்த இங்கிலீசையெல்லாம் சேர்த்து, கட்சியின் பெயரையும் தொகுதி ஆளின் பெயரையும், தெருக்கோடி மட்டும் கேட்கிற குரலில் சொன்னா. இன்னார் கட்சிக்கு ஒன்று, இன்னாருக்கு ஒன்று. நான் அவசரமாகப் படலையைத் திறந்தேன். சமோவாக்காரி “குட் ஆன் யூ” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குழாயை மற்றப் பாத்திக்குத் திருப்பினாள்.

“உள்ளுக்கை வாங்கோ அக்கா” என்றேன்.

அவ வரவில்லை. படலையைப் பிடித்துக்கொண்டு தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றா.

“என்ன பாக்கிறியள்?”

“ஆரும் வருகினமோ எண்டு பாக்கிறன்.”

நானும் பக்கத்தில் போய் நின்றேன். ஒரு கார் போனது. பிறகு ரொட்டி வாங்கிக்கொண்டு யாரோ ஒருவர் தெருமுனை டெய்ரிக் கடையிலிருந்து நடந்து வந்து எங்களைத் தாண்டிப் போனார். கனநேரம் நின்றோம்.

“பாத்தியே,” என்றா அக்கா. “ஒருத்தரும் வரேல்லை.”